ஏங்க

முதலில் திரும்பி வந்தது காதுதான். கண்ணும் கையும் காலும் எங்கே போயினவோ, வருகிற வழியாகக் காணோம். காது மட்டும் வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. டிக் டிக்கென்று ஏதோ ஒரு மெஷின், அதற்குப் பின்னால் புஸ்ஸென்று காற்றை இழுத்து விடுகிற இன்னொரு மெஷின், இரும்புத் தட்டில் கத்திரியைப் போடுகிற சத்தம், ஒரு பெண்குரல், "பஞ்சு எண்ணியாச்சு டாக்டர், சரியா இருக்கு." ஓகோ, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று கோமளவல்லி நினைத்தாள். பித்தப்பை போயிற்று, கல்லும் அதோடு போயிற்று, எழுந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. கண்ணைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. இமை மேல் ஏதோ ஒட்டியிருக்கிறது, பிளாஸ்திரியாக இருக்கும், அது கிடக்கட்டும், கையை எடுத்து அதைப் பிய்த்துவிடலாம் என்றால் கை பேச்சுக் கேட்கவில்லை. பால்வாடியில் ஒரே அதட்டலில் அத்தனை வாண்டுகளையும் கைகட்ட வைத்தவள், இப்போது தன் சொந்தக் கையை 'எழுந்திரு, எழுந்திரு' என்று கெஞ்சிக்கொண்டு கிடக்கிறாள். கால்? காலும் இல்லை. வாய்? வாய்க்குள் ஒரு குழாய் தொண்டை வரைக்கும் போகிறது, நாக்கு அதற்கடியில் ஈரத் துணியாகக் கிடக்கிறது. அப்போதுதான் உறைத்தது, அந்தப் புஸ் சத்தம் அடுத்த கட்டிலில் இல்லை, அவள் நெஞ்சுக்குள்தான் போய் வருகிறது, அவள் மூச்சு விடவில்லை, யாரோ அவளுக்காக விடுகிறார்கள். செத்துப்போனேனா என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. செத்தவளுக்கு மூக்கில் பஞ்சு வைப்பார்களே தவிர உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். எந்த இக்கட்டிலும் அவளுக்கு இந்த வாய் மட்டும் அடங்காது. அவள் புருஷன் சிங்காரவேலு ஒரு காலத்தில் இதற்காகவே அவளைச் சீண்டிவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

இந்த நிலைமையை நேற்றே சொல்லியிருந்தார்கள். மயக்கமருந்து டாக்டர், ஷமீமா என்று பெயர், சாயங்காலம் வார்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தாள். தூங்குவதற்கு ஒரு மருந்து, வலி தெரியாமல் இருக்க ஒன்று, மூன்றாவது தசையைத் தளர்த்துகிற மருந்து. "வயித்துத் தசை விறைப்பா இருந்தா சர்ஜனால வேலை பாக்க முடியாதும்மா. உடம்புல இருக்கிற தசையெல்லாம் கொஞ்ச நேரம் லீவு போட்டுடும். மூச்சு விடற தசையும்தான். அதை நாங்க பாத்துக்குவோம்." மருந்து உடம்பை விட்டு இறங்கிவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கோமளவல்லி கேட்டாள், கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். "மணிக்கட்டுல லேசா கரண்ட் வச்சு வரிசையா நாலு தட்டு தட்டுவோம். கட்டைவிரல் துள்ளும். மருந்து உள்ள இருந்தா முதல் துள்ளல் பெருசா இருக்கும், அடுத்தடுத்து சோர்ந்துகிட்டே போகும், நாலாவது இருக்கிற எடமே தெரியாது. நாலும் ஒண்ணுபோல துள்ளினாத்தான் குழாயை எடுப்பேன்." டாக்டர் இதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கால்மாட்டில் நின்ற சிங்காரவேலு வைத்த கண் வாங்காமல் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் வயசுப்பெண்ணை இப்படியா முழுங்குகிறது என்று கோமளவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லத்தான் முடியாது. சொல்வதற்குப் பேச்சுவார்த்தை வேண்டுமே. கடைசியில் அவர் கேட்டார், "முழுசா எறங்காம எடுத்துட மாட்டீங்களே?" என்று, வேண்டியதற்கு மேல் உரக்க, பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்க்கும்படி. அவர் எப்போதும் இப்படித்தான், ஊரைக் கூட்டுகிற குரல்.

சுள். சுள். சுள். சுள். வலது மணிக்கட்டில் கட்டெறும்பு வரிசையாகக் கடித்த மாதிரி இருந்தது. கட்டைவிரல் துள்ளியது. அவள் துள்ளச் சொல்லவில்லை. அவள் சொன்னபோதெல்லாம் கல்லாய்க் கிடந்த விரல், யாரோ பொத்தானை அழுத்தியதும் குதிக்கிறது, மானங்கெட்ட விரல். ஆனாலும் அது தன் விரல்தான், இருக்கிறது, எங்கேயும் போய்விடவில்லை என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல். "நாலும் வருதே மேடம், குழாயை உருவிடுங்களேன். அடுத்த கேஸ் வாசல்ல ட்ராலியில படுத்திருக்கு." இது சர்ஜன் கலியபெருமாள், அவர் குரலுக்கு எப்போதும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். "நாலும் வருது சார், நாலாவது குட்டியா வருது," என்றாள் ஷமீமா. "விரலைத் தொட்டுப் பாத்தா நாலும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு, கையை நம்பினா ஏமாந்துடுவோம். மெஷின்ல நூத்துக்கு அறுபதுதான். தொண்ணூறைத் தாண்டாம எடுக்க மாட்டேன். இப்ப எடுத்தா அந்தம்மா நாக்கு உள்ள சரிஞ்சு மூச்சுக்கு அல்லாடுவாங்க." "மயக்க வாயுவை நிறுத்தியாச்சு, இன்னும் மருந்து எறங்கலையா?" "சிலருக்கு மெதுவாத்தான் எறங்கும் சார்." சர்ஜன் உச்சுக்கொட்டினார். "சரி, அதுக்குள்ள வீட்டுக்காரர்கிட்ட கல்லைக் காட்டிட்டு வந்துடறேன்." ஒரு கிண்ணத்தில் கற்கள் உருளுகிற சத்தம், கதவு ஆடி அடங்குகிற சத்தம். என் கல்லை எடுத்துக்கொண்டு இவர் போகிறார், என்னை விட்டுவிட்டு, என்று கோமளவல்லி நினைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிறார் என்ற நினைப்பு வந்ததும் நெஞ்சுக்குள் எங்கேயோ ஒன்று துள்ளியது, அதற்குக் கரண்ட் எதுவும் தேவைப்படவில்லை.

அறுபது என்றால் இன்னும் முப்பது. முப்பது என்றால் எவ்வளவு நேரம்? சோறு வடிக்கிற நேரமா, துணி காய்கிற நேரமா, யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். யாராவது என் காதுப் பக்கம் வந்து 'கோமளவல்லி, நீ முழித்திருக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தேவலை. சொல்லாமல் கிடக்கிறது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாததா? ஒரு வீட்டுக்குள் ரெண்டு பேர், பேச்சில்லை. மகள் தமயந்தி இருந்தவரைக்கும் அவள்தான் நடுவில் தபால்காரி, 'அப்பாகிட்ட சொல்லு', 'அம்மாகிட்ட கேளு', பாவம் அந்தப் பெண் பரீட்சைக்குப் படித்ததைவிட இதற்கு அலைந்ததுதான் அதிகம். அவள் கல்யாணமாகி ஓசூர் போனபிறகு சுவரோடும் பாத்திரத்தோடும் பேச்சு. அடுப்பைப் பார்த்து அவள் சொல்வாள், "காபி வேணும்கிறவங்க எடுத்துக்கலாம்." டிவியைப் பார்த்து அவர் சொல்வார், "கடைத்தெருவுக்குப் போறேன், யாருக்காவது ஏதாவது வேணுமா?" யாருக்காவதாம், அந்த வீட்டில் கூட்டம் நெரிகிற மாதிரி. அவள் சன்னலைப் பார்த்து "கொத்தமல்லி தீந்துபோச்சு" என்பாள். அவர் கொத்தமல்லி இல்லாமல் வந்து நிற்பார், வேண்டுமென்றே. சோறு போட்டுவிட்டு, முதுகைக் காட்டியபடி, "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று எத்தனை தடவை சொன்னாலும் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். தட்டை மேசையில் ணங்கென்று வைத்தால்தான் வருவார். கோபத்துக்குத்தான் மரியாதை இந்த மனுஷனிடம் என்று அவள் தட்டை இன்னும் ஓங்கி வைத்தாள். வந்து உட்கார்ந்தால் சாப்பாட்டைப் பார்க்காமல் அவள் மூஞ்சியைப் பார்ப்பார். என்ன பார்வை வேண்டிக் கிடக்கிறது என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ராத்திரி அவர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டால் இவள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பாள், ஒரு கை நீண்டு வந்து தோளைத் தொடாதா என்று. தொட்டால் உதறிவிடவும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பாள். அந்தப் பதிலுக்கு வேலையே வரவில்லை.

இன்று காலையில் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வரும்போது கூடவே நடந்து வந்தார். ட்ராலியின் இரும்புக் கம்பியில் அவர் கை, அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி. தாலிக்கொடியையும் மெட்டியையும் கழற்றச் சொல்லி அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள், சட்டைப்பையில் போட்டுப் பையின் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டே வந்தார். தியேட்டர் வாசலில் சிஸ்டரைப் பார்த்துச் சொன்னார், "பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க." சிஸ்டர் சிரித்துவிட்டாள், "நீங்களே சொல்லுங்களேன் சார், பக்கத்துலதானே இருக்காங்க." அவர் குனிந்து இவள் முகத்தைப் பார்த்தார். நன்றாக நரைத்துவிட்ட மீசை, மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் விரல்தடம். இவள் கூரையில் இருந்த டியூப்லைட்டைப் பார்த்தாள். உள்ளே போய்த் திரும்பி வந்தபிறகு பேசிக்கொள்ளலாம், இத்தனை பேர் நடுவில் எதற்கு, முதலில் அவர் பேசட்டும், இப்படி ஒரு வண்டி காரணம். திரும்பி வருவேனா மாட்டேனா என்று தெரியாத இடத்துக்குப் போகிறவளுக்கு அத்தனை வீம்பு. இப்போது கூரையும் இல்லை, டியூப்லைட்டும் இல்லை, இருட்டில் அந்த விரல்தடம் படிந்த கண்ணாடி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. அதை வாங்கிப் போர்வை நுனியால் துடைத்துக் கொடுத்திருக்கலாம். ஒரு வார்த்தைகூடத் தேவைப்பட்டிருக்காது. அவர் வேண்டும் அவளுக்கு. பேச்சு வேண்டாம், நியாயம் வேண்டாம், யார் சரி யார் தப்பு என்கிற பஞ்சாயத்தும் வேண்டாம், அந்த ஒரு சாணைத் தாண்டி அவர் கை வந்தால் போதும். சுள், சுள், சுள், சுள். "எழுபது," என்றாள் ஷமீமா யாருக்கோ.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. ஏங்க. கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் கூப்பிட்ட ஒரே வார்த்தை. பெயரைச் சொல்லவா முடியும்? சிங்காரவேலு என்று அவள் வாய்விட்டுச் சொன்னது ரேஷன் கார்டு எழுத வந்தவனிடம்தான், அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு. ஏங்க, பால் பொங்குது பாருங்க. ஏங்க, பொண்ணுக்குக் காய்ச்சல் அடிக்குது. ஏங்க, தூங்கிட்டீங்களா. தெப்பக்குளத்தில் தெப்பம் விட்ட அன்றைக்குக் கூட்டம் முண்டியடித்தது. முன்னால் அவர் போகிறார், வியர்வையில் ஒட்டிய சட்டை முதுகு தெரிகிறது, நடுவில் ஆள் புகுந்து புகுந்து அந்த முதுகு விலகிப் போகிறது. இவளுக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது, நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. ஏங்க என்றாள். இன்னும் உரக்க, ஏங்க! வேட்டி கட்டினவர் ஒருவர் திரும்பினார், பலூன்காரர் திரும்பினார், தோளில் குழந்தையை வைத்திருந்தவர் திரும்பினார், ஊரில் உள்ள புருஷன்மார் எல்லாம் ஏதோ தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று திரும்பினார்கள், அவர் ஒருத்தர் திரும்பவில்லை. ஏங்க, ஏங்க, ஏங்க. தொண்டை வறண்டு போயிற்று. பின்னாலிருந்து இடித்த இடியில் கருங்கல் படியில் விழுந்து முழங்கால் கிழிந்தது. யாரோ முன்பின் தெரியாத பெண்கள் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ரொம்ப நேரம் கழித்து அவர் தேடிக்கொண்டு வந்தார், முகமெல்லாம் பதற்றம், அந்தப் பதற்றத்தில் எல்லார் முன்னாலும் கத்தினார், "ஒரு குரல் கூப்பிடறதுக்கென்ன? வாயில்லையா உனக்கு?" தண்ணீர் கொடுத்த அம்மாள் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தாள். கோமளவல்லி எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னாள், "இல்லைன்னே வச்சுக்குங்க." அதுதான் கடைசி. அதற்கப்புறம் எத்தனையோ தெப்பம் விட்டாயிற்று, அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. வாயில்லையா என்று கேட்டாரே, இப்போது வந்து பார்க்கச் சொல்லுங்கள், குழாய் செருகியிருக்கிறது.

கதவு ஆடியது. "மேடம், இன்னும் எடுக்கலையா?" என்று சொல்லிக்கொண்டே கலியபெருமாள் வந்தார், கிண்ணத்தை எங்கேயோ வைத்தார். "அந்த மனுஷனோட பெரும்பாடாப் போச்சு. கல்லைக் காட்டி, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன், என் மாஸ்க்கையே பாத்துக்கிட்டு நிக்கிறார். முகம் பேயறைஞ்ச மாதிரி ஆகுது, நான் ஏதோ கெட்ட சேதி சொல்றேன்னு நெனச்சுட்டார் போல. சட்டுனு தோணுச்சு, மாஸ்க்கை எறக்கிட்டுச் சொன்னேன், மடமடன்னு பதில் சொல்றார். சுத்தமா காது கேக்காது மேடம் அவருக்கு. உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்கிறார்." "நேத்து வார்டுல எங்கிட்ட நல்லாத்தானே பேசினாரு?" "நேத்து நீங்க மாஸ்க் போட்டிருந்தீங்களா?" "இல்ல," என்றாள் ஷமீமா. "பாய்லர் பட்டறையில ரிவெட் அடிக்கிற வேலையாம், அந்தச் சத்தத்துல போன காது. ரொம்ப வருஷமாவே கேக்காதாம். வெளியில தெரிஞ்சா வேலையை மாத்திடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலையாம், அப்படியே பழகிடுச்சுங்கிறார். அது கெடக்கட்டும், எல்லாம் சொல்லி முடிச்சப்புறம் எங்கிட்ட என்ன கேட்டார் தெரியுமா? 'இனிமே பேசுவாளா'ன்னு கேக்கறார். பித்தப்பையை எடுத்ததுக்கும் பேச்சுக்கும் என்னய்யா சம்பந்தம்?" சிஸ்டர் ரெஜினா களுக்கென்று சிரித்தாள். சர்ஜனும் சிரித்தார். மெஷின் புஸ்ஸென்று கோமளவல்லிக்குள் ஒரு மூச்சை ஊதிவிட்டு, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

கேட்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. பலூன்காரருக்குக் கேட்டது, வேட்டிக்காரருக்குக் கேட்டது, கூட்டத்தில் திரும்பாத ஒரே முதுகுக்குக் கேட்கவே இல்லை. கேட்காதவர்தான் வாயில்லையா என்று கேட்டிருக்கிறார், நிஜமாகவே கூப்பிடவில்லை என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். ஐயோ, கொத்தமல்லி. சன்னலைப் பார்த்துச் சொன்ன கொத்தமல்லி. அடுப்பைப் பார்த்துச் சொன்ன காபி. முதுகைக் காட்டிக்கொண்டு அவள் எய்த குத்தல் பேச்சு அத்தனையும், எவ்வளவு யோசித்து யோசித்து, காரம் பார்த்துப் பார்த்து எய்தது, ஒன்றாவது போய்ச் சேர்ந்திருக்குமா? சுவருக்குத்தான் எல்லாம் தெரியும். தட்டு ணங்கென்று விழுந்தால் மேசை அதிரும், அவர் முழங்கை அதில் இருக்கும், அதனால் வந்திருக்கிறார். வந்து அவள் மூஞ்சியைப் பார்த்தது சண்டைக்கு இல்லை, ஏதாவது சொல்கிறாளா என்று பார்த்திருக்கிறார், அந்த ஒரு இடத்தில்தான் அவருக்குப் பேச்சு இருக்கிறது, அந்த இடத்தை இவள் தினமும் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டாள். தமயந்தி வெறும் போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார், முகம் தெரிகிற வீடியோ கால் என்றால் போனை மூக்கோடு ஒட்டிவைத்துக்கொள்வார், 'பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி பாக்கறார் உங்கப்பா' என்று மகளிடம் நக்கலடித்தாளே. டிவியை ஊரே கேட்கவைத்தது இவளை எரிச்சலூட்ட என்று நினைத்தாளே. நேற்று டாக்டரம்மாவின் முகத்தை முழுங்கியது, சீ, அவர் மருந்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார், அவள் உயிரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை? எனக்குக் கேட்கவில்லை கோமளா என்று ஒரு தடவை சொன்னால் என்ன குறைந்துபோயிற்று? ஆனால் எப்படிச் சொல்வார், யாரிடம் சொல்வார், டிவியிடமா? கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. எழுந்து அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும்போல் இருந்தது. முழு பலத்தையும் திரட்டி ஒரு சுண்டுவிரலை அசைக்கப் பார்த்தாள், உடம்பு மண்மூட்டையாகக் கிடந்தது, டிக் டிக் மட்டும் வேகமாக, இன்னும் வேகமாக ஓடியது.

"சிஸ்டர், பல்ஸ் ஏறுது பாருங்க," என்றாள் ஷமீமா. இமையிலிருந்து பிளாஸ்திரியைப் பிரிக்கிற விரல்கள். "தண்ணி வருது கண்ணுல. இந்தம்மா முழிச்சிருக்காங்க. சார், கொஞ்சம் பேசாம இருங்க." ஒரு கை வந்து நெற்றியில் படிந்தது, வாய் காதோரம் வந்தது. "அம்மா, நான் ஷமீமா. உங்களுக்குக் கேக்குதுன்னு தெரியும். பயப்படாதீங்க. தூக்க மருந்து எறங்கிடுச்சு, தசை மருந்து மட்டும் கொஞ்சம் பாக்கி. நேத்து சொன்னேன்ல, நாலு துள்ளல்? இப்ப அதை முறிக்கிற ஊசி போடறேன். நான் எங்கயும் போகலை." அப்படியே போகாமல் இருந்தாள். ஊசி போட்டாள், சொல்லிச் சொல்லித் தட்டினாள், ஒவ்வொரு தட்டுக்கும் கோமளவல்லி தன் விரலோடு சேர்ந்து உள்ளுக்குள் குதித்தாள், துள்ளு என் ராசா, சோர்ந்துபோகாதே, நாலாவதுக்கும் கொஞ்சம் மிச்சம் வை. சர்ஜன் இந்தத் தடவை அவசரப்படவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரமாக நின்றார். எண்பது என்றார்கள். பிறகு வெகுநேரம் எண்பதிலேயே நின்றது, அல்லது அப்படித் தோன்றியது. பிறகு, "தொண்ணூத்திரண்டு. போதும். அம்மா, கண்ணைத் திறங்க." இமை ஒரு கீற்று விலகிற்று, வெளிச்சம் குத்தியது. "என் கையைப் புடிங்க. விடாம. இன்னும் அழுத்தமா." பிடித்தாள். "தலையைத் தூக்குங்க. அப்படியே வையுங்க, வையுங்க." தலை பாறாங்கல், தூக்கினாள். "பெரிய மூச்சு." குழாய் உருவிக்கொண்டு வெளியே போயிற்று, இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது, அதற்குப் பின்னால் அவளுடைய சொந்த மூச்சு, முதல் மூச்சு, கரகரவென்று, கோணல்மாணலாக. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. "தொண்டை புண்ணா இருக்கும்மா, குரல் சாயங்காலமா வந்துடும்," என்று சொல்லி மூக்கையும் வாயையும் சேர்த்து மூடினாற்போல் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினாள் ரெஜினா.

தியேட்டருக்குப் பக்கத்து அறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நாலைந்து கட்டில், திரைத்துணி, எல்லாரும் முனகிக்கொண்டு. அவர் வந்தார். பச்சை அங்கியை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுக்கொண்டு, சட்டைப்பை இருக்கிற இடத்தை அங்கிக்கு மேலாகப் பொத்திக்கொண்டு வந்தார். கட்டிலருகில் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். இவள் இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் பார்வை கண்ணிலிருந்து இறங்கி வாய்க்கு வந்தது, அங்கே பிளாஸ்டிக் இருந்தது, அவள் மூச்சில் வெள்ளையாகப் புகை படிந்து ஒன்றும் தெரியாமல். அவர் முகம் மெல்லத் தொங்கிப்போயிற்று. சரி, வழக்கம்போலத்தான் என்று ஏற்றுக்கொண்டவர் மாதிரி பார்வையை சலைன் பாட்டிலுக்கு மாற்றப்போனார். ஐயோ, போகாதீர்கள். கோமளவல்லி கையைத் தூக்கினாள். அது முழங்கை வரைக்கும் எழுந்து பொத்தென்று விழுந்தது. திரும்பத் தூக்கினாள், மார்பில் வந்து படுத்துக்கொண்டது, அங்கிருந்து அதை இழுத்து, கழுத்தில் ஏற்றி, தாடைக்குக் கொண்டுவந்து, மாஸ்க்கின் விளிம்பில் கட்டைவிரலைக் கொடுத்து நெம்பினாள். "அம்மா, அதை எடுக்கக் கூடாது," என்று ரெஜினா ஓடிவந்து திரும்ப அமுக்கி வைத்தாள். கோமளவல்லி மறுபடியும் தூக்கினாள். "சொல்றேன்ல அம்மா!" "விடுங்க சிஸ்டர்," என்றாள் ஷமீமா பின்னாலிருந்து. "ஒரு நிமிஷம். நான் பாத்துக்கறேன்." மாஸ்க் கன்னத்துக்கு விலகிற்று. அவர் குனிந்தார், கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, கிட்டத்தில், இன்னும் கிட்டத்தில். ஏங்க என்று சொல்லத்தான் இவ்வளவு பாடும் பட்டாள். வாயருகில் வந்தபிறகு அது வேண்டியிருக்கவில்லை. திரும்பிப் பார்க்காதவரைத்தானே கூப்பிட வேண்டும், இவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். காய்ந்த உதட்டை நாக்கால் ஈரமாக்கிக்கொண்டு, பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக, சத்தமே இல்லாமல் கேட்டாள்: "சாப்பிட்டீங்களா?" அவர் உதடு கோணிக்கொண்டது. அந்த அறையில் இருந்த அத்தனை நோயாளிகளும் விழித்துக்கொள்கிற குரலில் அவர் சொன்னார், "இல்ல கோமளா. நீ?"